டிராப் ஷேடோ: விழுநிழல் என்ற ஒரே சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். டிராப் ஷேடோ, அதாவது எழுத்துக்குப் பின்னால் விழுவது போல் காட்டும் நிழல், அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டிராப் ஷேடோவுக்கு "விழுநிழல்" என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரியும்.

விழுநிழல் நல்ல சொல்தான். படம் வரையும் மென்பொருளுக்கு அது போதும். ஆனால் நாம் இப்போது தொகுப்பது வண்டியிலும் பெயர்ப்பலகையிலும் வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) எழுத்து ஒட்டுகிறவர்களுக்கான கலைச்சொல் பட்டியல். அவர்கள் நிழலை வேறு நிறத்தில் தனியாக வெட்டித் தனியாக ஒட்டுகிறார்கள். நிழலின் வடிவம் மாறினால் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரம் வெட்டும் கோடு மாறும், ஒட்டும் முறையும் மாறும். எனவே வகைக்கு ஒரு சொல் வேண்டும்.

எழுத்தை அப்படியே நகலெடுத்து, சற்றுக் கீழாகவும் பக்கவாட்டிலும் தள்ளி வைத்து, அதன்மேல் எழுத்தை ஒட்டுவது ஒரு வகை. இதை நகல்நிழல் எனலாம். எழுத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் சாய்கோடு இழுத்து நிழலோடு சேர்த்துவிட்டால், எழுத்து தடித்த பலகையில் அறுத்தெடுத்தது போல் நிற்கும். இது தொடுநிழல். எழுத்துக்கும் நிழலுக்கும் நடுவே வண்டியின் நிறம் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும்படி விட்டால் விலகுநிழல்.

விலகுநிழலை நகல்நிழலோடு சேர்த்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நகல்நிழலில் மேல் எழுத்து, அடியில் இருக்கும் நிழலின் விளிம்பு மேல் ஏறி இறங்க வேண்டும். அந்தப் படியில் மேல்படலம் முழுதாகப் படியாது. விளிம்பு நெடுகிலும் மயிரிழை போல ஒரு காற்றுக்கோடு நிற்கும். வண்டியைக் கழுவக் கழுவ அதில் தண்ணீரும் தூசியும் புகுந்து விளிம்பு தூக்கும். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் எழுத்தானால் அடியில் உள்ள கறுப்பு நிழல் மேலே தெரிவதும் உண்டு. விலகுநிழலில் எதுவும் எதன்மேலும் ஏறுவதில்லை, இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஆனால் இடைவெளி ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரிந்துவிடும்.

தொடுநிழலில் நடு வழி ஒன்று இருக்கிறது. எழுத்து மறைக்கும் பகுதியை நிழலிலிருந்து வெட்டி நீக்கிவிட்டு, 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டும் எழுத்துக்கு அடியில் செல்லும்படி விடுவார்கள். அந்தச் சிறு பகுதிக்கு அடிச்செருகு என்ற பெயரை முன்வைக்கிறேன். "மேற்படிவு" என்று முன்பு ஒருவர் சொன்னது எது மேலே, எது கீழே என்று காட்டவில்லை.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலப் பலகை எழுதும் ஓவியர்கள் நிழலைப் பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கம் போடுவார்கள். பி, டி, ஆர் போன்ற எழுத்துகளுக்கு இடப்பக்கம் நேர்க்கோடாக இருப்பதால் தூரிகை வேலை குறைவு. நமக்கு ன, ண, கொம்பு எல்லாம் இடப்பக்கத்தில்தான் சுழிக்கின்றன. அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள அவசியமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் புள்ளி. நிழலைக் கூடுதலாகத் தள்ளினால் புள்ளியின் நிழல் கீழே உள்ள எழுத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். "க்" என்பது தூரத்தில் வேறு ஏதோ போலத் தெரியும். புள்ளிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைவிட நிழலின் தள்ளல் குறைவாக இருக்க வேண்டும். இதைப் பட்டியலின் விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்கலாம்.

அடுத்து, ரெஜிஸ்ட்ரேஷன் மார்க், அதாவது இரண்டு நிறப் படலங்களைச் சரியாகப் பொருத்த உதவும் அடையாளம். "பதிவுக்குறி" என்றால் வண்டியின் பதிவு எண் என்று நினைத்துவிடுவார்கள். பொருத்துக்குறி என்போம். எழுத்து, நிழல் இரண்டு நிறத்திலும் ஒரே இடத்தில் சின்ன முக்கோணங்களை வெட்டிக்கொள்கிறோம். வேண்டாத வினைலை உரித்து எடுத்தபின், எழுத்தை அப்ளிகேஷன் டேப்பில் (வெட்டிய எழுத்தைக் கலையாமல் எடுத்து ஒட்ட உதவும் டேப்) தூக்கி, மேசையில் பின்தாளோடு கிடக்கும் நிழலின் மேல் முக்கோணத்தோடு முக்கோணம் சேரும்படி இறக்கித் தேய்க்கிறோம். பிறகு இரண்டும் ஒரே டேப்பில் வரும், வண்டியில் ஒரே தடவையில் ஒட்டிவிடலாம். கடைசியில் முக்கோணங்களைப் பிய்த்துவிடலாம். படலத்தின் மேல் படலம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை.

அந்த உரித்தெடுக்கும் வேலைக்குக் களையெடுப்பு என்றே இருக்கட்டும், மறு பேச்சில்லை.

வினைல் வகைகளுக்கு வார்ப்புப்படலம், உருட்டுப்படலம் என்ற முந்தைய பரிந்துரைகளை ஏற்கிறேன். திரவமாக ஊற்றி உலர்த்துவது முன்னது, உருளைகளுக்கு இடையே தட்டையாக்குவது பின்னது. உருட்டுப்படலம் நாளடைவில் சுருங்கும், அதனால் வார்ப்புப்படலத்தின் மேல் அதை ஒட்டக் கூடாது. பெயரிலேயே செய்முறை இருப்பதால் ஏன் என்று விளக்குவது எளிது.

ஒரு வேண்டுகோள். "ரேடியம் கட்டிங்" என்ற கடைவழக்கைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் நாமக்கல்லிலோ கரூரிலோ தொழில் பழகும் ஒருவர் தேடினால் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார். வினைல் வெட்டு என்பதை முதன்மைச் சொல்லாக வைத்து, "ரேடியம் கட்டிங்" என்று தேடுகிறவரும் அங்கே வந்து சேரும்படி செய்துவிடலாம்.