காலையில் ஹீட்டர் எரியவில்லை, மதியம் தானாகச் சரியாகிவிடுகிறது. உதவி தேவை

பாதிவழி:
எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். மோட்டார்ஹோமில் ஹீட்டர் விடியற்காலையில் தானாக அணைந்துவிடுகிறது, எரர் காட்டுகிறது. ரீசெட் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வந்து மறுபடி நின்றுவிடுகிறது. ஆனால் மதியம் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. கேஸ் தீரவில்லை, சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், கனமாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு இன்று காலை தண்ணீர் டாங்க்கும் காலி, வண்டிக்கு அடியில் குட்டை கட்டி நிற்கிறது. அது வேறு எங்கேயோ ஒழுகல் போல, பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஹீட்டர். மனைவி போர்வையை விட்டு வெளியே வர மறுக்கிறாள், காப்பி போடும் வேலையும் என் தலையில். பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எதுவும் கிடையாது. என்ன செய்யலாம்?

வோல்ட்மீட்டர்:
பேட்டரி. சந்தேகமே வேண்டாம். கேஸ் ஹீட்டர் என்றாலும் அதன் ஃபேன், இக்னிஷன், போர்டு எல்லாம் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி, விடியும்போது வோல்டேஜ் விழுந்துவிடும், வெயில் வந்து சோலார் ஏற்றியதும் சரியாகிவிடும். மதியம் வேலை செய்கிறது என்றாலே அதுதான் அர்த்தம். பழைய லெட் ஆசிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் போடுங்கள், நிம்மதி.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
எந்த நாடு, எந்த ஹீட்டர், எந்த சிலிண்டர், வெளியே எத்தனை டிகிரி, எரர் நம்பர் என்ன, ஒன்றும் இல்லை. "ஹீட்டர் எரியவில்லை, என்ன செய்யலாம்" என்றால் கம்பளி போர்த்திக்கொள்ளலாம். இதே கேள்விக்கு நான் போன குளிர்காலத்தில் விலாவாரியாக எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

துலூஸ் டீக்கடை:
அண்ணாச்சி கோபப்படாதீர்கள், குளிரில் கை நடுங்கிக்கொண்டு டைப் செய்திருப்பார். எனக்கு ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். ரப்பர் ஹோஸிலிருந்தும் கேஸிலிருந்தும் ஒரு மஞ்சள் எண்ணெய்ப் பிசுக்கு வந்து ரெகுலேட்டருக்குள் தேங்கும், குளிரில் கெட்டியாகி வழியை அடைக்கும். கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சொட்டினால் ஆயிற்று. புது ரெகுலேட்டர் போட்டு, ஹோஸுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் ஃபில்டரும் மாட்டிவிடுங்கள். இன்னொன்று, ஹோஸ் உடைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உங்களிடம் இருந்தால் சிலிண்டர் மாற்றிய பிறகு அதன் பச்சை பட்டனை அழுத்தினீர்களா? பாதிப் பேர் அதை மறந்துவிட்டு ஹீட்டரைத் திட்டுவார்கள்.

கங்காரு தம்பி:
இங்கே குவீன்ஸ்லாந்தில் ஏசி வேலை செய்யவில்லை என்று இழை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஹீட்டர் என்கிறீர்கள். தொடருங்கள், படித்தாலே குளிர்ச்சியாக இருக்கிறது.

சுக்குக்காப்பி:
பாதிவழி, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லுங்கள். ஹீட்டர் எரியாத அதே நேரத்தில் அடுப்பு எப்படி எரிகிறது? அடுப்புக்கு பேட்டரி தேவையில்லை. அதுவும் மங்கினால் வோல்ட்மீட்டர் சொல்வது அடிபட்டுப் போகும், கோளாறு கேஸ் வரும் வழியில் எங்கோ இருக்கிறது. அப்புறம் எங்கே இருக்கிறீர்கள், அந்த சிலிண்டரை எங்கே வாங்கினீர்கள், என்ன நிறம்?

பாதிவழி:
இவருடைய மனைவி எழுதுகிறேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒழுகலைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் இருப்பது ஸ்பெயினில், தெருவெல் மாகாணத்தில், அல்பர்ராசின் பக்கம். ஊர் மிக அழகு, ஆனால் காலையில் வெளியே மைனஸ் 6. வண்டி ஜெர்மனியில் பதிவானது. ஹீட்டர் ட்ரூமா காம்பி, வண்டியையும் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் வகை, கேஸில் மட்டும் ஓடுவது. சிலிண்டர் ஆரஞ்சு நிறம், கீழே வலென்சியா கடற்கரையில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம் அடாப்டரோடு வாங்கியது. கடற்கரையில் ஒரு தொந்தரவும் இல்லை, மேலே வந்த முதல் இரவும் பரவாயில்லை. அடுப்பு எரிகிறது, ஆனால் சுடர் நகக்கண் அளவுதான், காப்பித் தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்கிறது. கேஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன், சிலிண்டரின் கீழ்ப்பாதியில் மட்டும் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது, மேல்பாதி வெறும் ஈரம். பேட்டரி 12.8 காட்டுகிறது. பச்சை பட்டனை அழுத்தியாயிற்று. நான் போர்வைக்குள் இருந்ததற்குக் காரணம், சிலிண்டரை மாற்ற எழுந்து போவது அவர் முறை.

சுக்குக்காப்பி:
அப்படிப் போடுங்கள். விஷயம் முழுக்க உங்கள் பதிலிலேயே இருக்கிறது. அந்த ஆரஞ்சு சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, ப்ரொப்பேனுடையது மைனஸ் 42. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது கொதித்து ஆவியானால்தான் குழாய்க்குள் கேஸ் வரும். மைனஸ் 6-இல் பியூட்டேன் சும்மா தண்ணீர் மாதிரி உள்ளே கிடக்கும். அதனால்தான் ஆட்டினால் கனமாக இருக்கிறது, திறந்தால் வருவதில்லை. வெயில் பட்டதும் ஆவியாகிறது, மதியம் ஹீட்டர் ஓடுகிறது.

முதல் இரவு ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். பியூட்டேன் என்று விற்பதிலும் கொஞ்சம் ப்ரொப்பேன் கலந்திருக்கும், சுலபமாக ஆவியாகும் என்பதால் அதுதான் முதலில் தீரும். பிறகு மிஞ்சுவது அடியில் கிடக்கும் பியூட்டேன். இன்னொன்று, ஆவியாகும்போது திரவம் தன் சூட்டையே இழந்து இன்னும் குளிரும், நீங்கள் பார்த்த வெள்ளைப் பனி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுவரைதான் திரவம். ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 160 கிராமிலிருந்து முந்நூறு, நானூறு கிராம் வரை இழுக்கும், அடுப்பு அதில் சிறு பங்குதான். அதனால் வெளியே 4, 5 டிகிரி இருந்தால்கூட ஹீட்டர் இழுக்கும் வேகத்தில் சிலிண்டர் உறைநிலைக்குப் போய்விடும்.

அந்தக் குட்டையும் ஒழுகல் இல்லை. ட்ரூமாவில் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்று ஒரு வால்வு உண்டு. அதைச் சுற்றி வெப்பம் 3 டிகிரிக்குக் கீழே போனால் பாய்லர் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். பம்ப் ஆனில் இருந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடி டாங்க் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டிவிடும். வண்டிக்குள் 7 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகுதான் வால்வை மூட முடியும், அதற்கு முன்னால் பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவரை வெளியே வரச் சொல்லுங்கள், இல்லாத ஒழுகலைத் தேடிச் சளி பிடித்துவிடப் போகிறது.

ஜெர்மன் வண்டி என்கிறீர்கள், சாம்பல் சிலிண்டர் ஒன்றும் கூட இருக்குமே? அதில் ப்ரொப்பேன்தான்.

பாதிவழி:
இருக்கிறது, கால்வாசி. ஜெர்மன் சிலிண்டரை ஸ்பெயினில் மாற்றித் தரமாட்டார்கள் என்பதால் அதைத் தொடக்கூடாது என்று இவர் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். இப்போது போய்ச் சொல்கிறேன்.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
சுக்குக்காப்பி சொல்வது அரைகுறை. அல்பர்ராசின் கிட்டத்தட்ட 1,170 மீட்டர் உயரம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கேஸ் அழுத்தமும் குறையும், பியூட்டேன் வராததற்கு அதுவே முக்கியக் காரணம். இருபது வருடமாக மலைப் பாதைகளில் வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

சுக்குக்காப்பி:
அண்ணாச்சி, நேர்மாறு. வெளி அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், மலை மேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பதும் பருப்பு வேகாமல் படுத்துவதும் அதனால்தான். அந்த உயரத்தில் பியூட்டேனின் கொதிநிலை கடல் மட்டத்தில் இருப்பதைவிட மூன்று, நான்கு டிகிரி போலக் கீழே இறங்கும். உயரம் அவர்களுக்கு உதவிதான் செய்கிறது, மைனஸ் 6-க்கு அந்த உதவி போதவில்லை. குளிர்தான் காரணம். அந்தப் பக்கம் சாதாரணக் குளிர் இல்லை, தெருவெலுக்கு வடக்கே கலமோச்சாவில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 பதிவாகியிருக்கிறது.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
புத்தக அறிவு வேறு, அனுபவம் வேறு.

லே மணாலி:
நாங்கள் டிராவலர் வண்டியை வீடாக மாற்றி லடாக் பக்கம் சுற்றுகிறவர்கள். நம் ஊர் சிவப்பு சிலிண்டரிலும் பியூட்டேன், ப்ரொப்பேன் கலவைதான், லேயில் அக்டோபர் தாண்டினாலே இதே கதை. அங்கே உள்ளூர்க்காரர்கள் சிலிண்டரை அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துவார்கள், சாக்குச் சுற்றுவார்கள். நாங்கள் ராத்திரி வண்டிக்குள்ளேயே கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொள்வோம். ஒன்றும் ஆனதில்லை.

துலூஸ் டீக்கடை:
தம்பி, அதை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் சரி, சிலிண்டரைப் படுக்கும் இடத்துக்குள் கொண்டுவருவது விஷப் பரீட்சை. பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். கேஸ் பெட்டிக்குத் தனிக் கதவும் அடியில் ஓட்டையும் வைத்திருப்பது கசிந்தால் வெளியே போகட்டும் என்றுதான். அந்த ஓட்டையைக் குளிர்காற்று வருகிறது என்று துணி வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

காரைக்கால் கிளி:
மன்னிக்கவும், ஃபிரான்சில் பியூட்டேன் சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கலாம், ப்ரொப்பேனைத்தான் வெளியே வைக்க வேண்டும். என் மாமியார் வீட்டுச் சமையலறையில் 13 கிலோ சிலிண்டர் எத்தனையோ வருடமாக நிற்கிறது. ஸ்பெயினில் அந்த ஆரஞ்சு சிலிண்டரைச் சக்கரம் வைத்த ஹீட்டர் பெட்டிக்குள் வைத்துக் கூடத்திலேயே உருட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் வைப்பதற்காகத்தான் பியூட்டேனே விற்கிறார்கள். உள்ளே குளிராது, அதனால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. லே மணாலி சொன்னதில் என்ன தப்பு?

துலூஸ் டீக்கடை:
உங்கள் மாமியார் சமையலறையில் யாரும் தரையோடு தரையாகத் தூங்குவதில்லையே. வீட்டுக்கும் ஆறு மீட்டர் வண்டிக்கும் வித்தியாசம் இல்லையா? வண்டி குலுங்குகிறது, ஹோஸ் அசைகிறது, தினம் கழற்றி மாட்டினால் வாஷர் தேய்கிறது. ஒரு சின்னக் கசிவு போதும்.

காரைக்கால் கிளி:
அப்படிப் பார்த்தால் அடுப்பையும் உள்ளே வைக்கக்கூடாது.

வோல்ட்மீட்டர்:
அதைத்தானே நானும் சொல்ல வந்தேன். கேஸே வேண்டாம், இன்டக்‌ஷனுக்கு மாறுங்கள். நானும் என் மனைவியும் கேஸை மூட்டைகட்டியாயிற்று, தோசை, குழம்பு, தாளிப்பு எல்லாம் கரண்டில்தான்.

சுக்குக்காப்பி:
சரி, ஸ்பெயின் கேம்பிங்குகளில் பல இடத்தில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டில் அது 1,380 வாட், உங்கள் 2,000 வாட் அடுப்பைப் போட்டால் மொத்த வரிசைக்கும் ஃபியூஸ் போய்விடும். தோசைக்கல் சூடாகும்போது பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டுவார். மேலும் அவர்கள் ஹீட்டர் கேஸில் மட்டும் ஓடுவது, உங்கள் லித்தியத்தை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது?

வோல்ட்மீட்டர்:
டீசல் ஹீட்டர் போடலாமே. டாங்க்கில் டீசல் இருந்தால் போதும், சிலிண்டர் தேடி அலைய வேண்டாம்.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
டீசல் ஹீட்டர் உயரத்தில் கரி பிடிக்கும். உயரத்தைப் பற்றிப் பேசினால் இங்கே சிலருக்குப் பிடிக்காது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

சுக்குக்காப்பி:
இதில் அண்ணாச்சி சொல்வது சரி. காற்று மெலிந்தால் டீசல் சரியாக எரியாது, உயரத்துக்கு ஏற்ற மாற்றம் இல்லாத ஹீட்டரில் கரி பிடிக்கும்.

லே மணாலி:
எங்கள் ஊரில் டீசலே உறையும். லடாக்குக்காக மைனஸ் 33 வரை தாங்கும் குளிர்கால டீசல் 2019-இல் வந்த பிறகுதான் நிம்மதி. சிலிண்டரை உள்ளே வைப்பது பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் வால்வை இறுக்க மூடி, ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவோம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாதிவழி:
சாம்பல் சிலிண்டர் மாட்டினேன். ரீசெட், ஒரே டிக், எரிந்துவிட்டது. உள்ளே சூடு ஏறியதும் வால்வையும் மூடிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. கால்வாசியில் எத்தனை நாள் ஓடும்?

சுக்குக்காப்பி:
11 கிலோ சிலிண்டரில் கால்வாசி என்றால் மூன்று கிலோவுக்கும் குறைவு. இந்தக் குளிரில் ஒரு இரவு, சிக்கனமாக வைத்தால் இரண்டு. ராத்திரி முழுக்க 21 டிகிரி வைக்காமல் 12-இல் வையுங்கள், அப்போதும் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் திறக்காது. பகலில் வெயில் பட்ட ஆரஞ்சு சிலிண்டரை அடுப்புக்கு மாட்டுங்கள், ராத்திரிக்குச் சாம்பல். அதற்குள் இறங்கிவிடுவது நல்லது, தெருவெலிலிருந்து ஏ-23 சாலை நேராக சகுந்தோவில் கடற்கரையைத் தொடும், சுமார் 120 கிலோமீட்டர். அங்கே பியூட்டேன் சுகமாக எரியும். மறுபடி குளிர்காலத்தில் மலை ஏறுவதாக இருந்தால் பெட்ரோல் பங்க்கில் வாகன கேஸ் நிரப்பிக்கொள்ளும் வகை சிலிண்டர் பொருத்திக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு வேறு சிலிண்டர் தேடும் வேலை மிச்சம்.

பாதிவழி:
மறுபடி நான்தான், மனைவி. நாளைக்குக் காலை கிளம்புகிறோம். இவருக்கு இன்னும் ஒரு நாள் கோட்டைச்சுவரைப் படம் எடுக்க வேண்டுமாம், இன்றிரவு சிலிண்டர் மாற்றுவதும் அவர் முறைதான் என்று சொன்னதும் சரி என்றுவிட்டார். காப்பி கொதித்துவிட்டது. நன்றி.

காரைக்கால் கிளி:
நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் அக்கா. துலூஸ் டீக்கடை, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சட்டப்படி உள்ளே வைக்கலாமா கூடாதா?

துலூஸ் டீக்கடை:
வீட்டில் வைக்கலாம், வண்டியில் அதற்கான பெட்டியில்தான். நான் சொல்வது அவ்வளவுதான், இதற்குமேல் தனி இழை திறங்கள்.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
எரர் நம்பர் என்ன என்று கடைசிவரை யாருமே சொல்லவில்லை.