2025 கமோகி இறுதியாட்டம்: பதின்மூன்று ஆண்டுகளாக மூன்று கவுண்டிகள் மட்டுமே வெல்வது ஏன்?

எல்லைக்கோடு எழுதியது:

மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடப்படும் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டங்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அதன் பெண்கள் வடிவமான கமோகியை 2025 பருவத்தில்தான் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன். ஆகஸ்ட் 10 அன்று டப்ளினின் குரோக் பார்க்கில் கால்வே 1-14, கார்க் 1-13 என்ற கணக்கில் முடிந்த அகில அயர்லாந்து இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் என்னால் இருக்கையில் உட்கார முடியவில்லை. முதல் எண் கோல்கள், அடுத்த எண் புள்ளிகள்; கோலுக்கு மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி என்ற கணக்கு ஹர்லிங்கைப் போன்றதே என்பதால் அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆட்டம் முடிந்தபின் பழைய வெற்றியாளர் பட்டியலைப் பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. 2013 முதல் 2025 வரையிலான பதின்மூன்று பருவங்களில் கார்க் ஆறு முறையும் கால்வே நான்கு முறையும் கில்கென்னி மூன்று முறையும் வென்றிருக்கின்றன. வேறெந்தக் கவுண்டியின் (அயர்லாந்தின் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரும் அந்த வரிசையில் இல்லை. இதை ஆரோக்கியமான போட்டி என்று சொல்ல முடியுமா? மேலும், பருவத்தின் தொடக்கத்தில் ஆட்டத்தைவிட வீராங்கனைகளின் உடையைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. அந்தச் சர்ச்சை ஆட்டங்களைப் பாதித்ததா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையகணக்கு எழுதியது:

உங்கள் கவலை நியாயமானதே என்றாலும், இந்தக் கோப்பையின் வரலாற்றை முழுவதுமாகப் பார்த்தால் இப்போதைய நிலை அவ்வளவு மோசமானதாகத் தோன்றாது. கமோகியின் முதல் பொது ஆட்டம் 1904இல் நாவன் நகரில் நடந்தது. அகில அயர்லாந்து சாம்பியன்பட்டப் போட்டியோ 1932இல்தான் தொடங்கியது. அந்த முதல் கோப்பையை வென்ற டப்ளின், 1948 முதல் 1966 வரையிலான பத்தொன்பது பருவங்களில் பதினெட்டை வென்றது. இடையில் 1956இல் மட்டும் ஆன்ட்ரிம் குறுக்கே வந்தது. பதினைந்து பதக்கங்கள் பெற்ற கே மில்ஸ் அந்த டப்ளின் அணியில்தான் ஆடினார். பின்னர் 1985 முதல் 1991 வரை தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகள் கில்கென்னி கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏஞ்சலா டௌனி, ஆன் டௌனி என்ற இரட்டைச் சகோதரிகளின் காலம் அது. ஒரே கவுண்டி முற்றுரிமை கொண்டாடிய அந்தக் காலங்களோடு ஒப்பிட்டால், மூவர் மாறி மாறி வெல்வதை முன்னேற்றம் என்றே நான் சொல்வேன்.

அதைவிட முக்கியமாக, ஆதிக்கம் நிலையானது அன்று. 26 பட்டங்கள் பெற்ற டப்ளின் 1984க்குப் பிறகு ஒருமுறைகூட வெல்லவில்லை. அந்தக் கில்கென்னியே 1994க்குப் பிறகு அடுத்த கோப்பைக்காக இருபத்திரண்டு ஆண்டுகள், அதாவது 2016 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1996இல்தான் முதல் பட்டத்தைப் பெற்ற கால்வே, இரண்டாவது பட்டத்துக்கு 2013 வரை தவம் கிடந்தது.

பழைய அணிகளின் பிடி தளர்ந்ததற்கு ஆட்டத்தின் அமைப்பே மாறியதும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நீண்ட காலமாக அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றிருந்த கமோகி, 1999இல்தான் ஹர்லிங்கைப் போலப் பதினைந்து பேர் கொண்டதாகியது. அதே ஆண்டில் டிப்பரரி கில்கென்னியை வீழ்த்தித் தன் முதல் பட்டத்தை வென்றதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த அணி மேலும் நான்கு பட்டங்களைச் சேர்த்துக்கொண்டது; 2007இலும் பின்னர் 2010 முதல் 2012 வரையிலும் வெக்ஸ்ஃபோர்டு வென்றது. ஆகவே நீங்கள் குறிப்பிடும் பதின்மூன்று ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரைகூடப் பட்டியல் வேறுமாதிரியாகவே இருந்தது.

உடைப்பக்கம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாவாடைபோல் தோன்றி உள்ளே அரைக்கால்சட்டை வைத்துத் தைத்த ஸ்கோர்ட்டைத்தான் வீராங்கனைகள் அணிய வேண்டும் என்பது 2025 வரை கமோகி சங்கத்தின் நெடுநாளைய விதியாக இருந்தது. பயிற்சியின்போது எல்லோரும் சாதாரண அரைக்கால்சட்டையோடுதான் ஓடுவார்கள். ஆட்ட நாளில் மட்டும் உடை மாற வேண்டியிருந்தது. கேலிக் வீரர்கள் சங்கம் நடத்திய கருத்தாய்வில் 70 சதவீத வீராங்கனைகள் ஸ்கோர்ட் தங்களுக்கு அசௌகரியமாக இருக்கிறது என்று கூறியிருந்தனர். இருந்தும் 2024இல் இந்த விதியை மாற்றும் தீர்மானம் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் தோற்றுப்போனது.

2025 மே 3 அன்று லெய்ன்ஸ்டர் மாகாண அரையிறுதியில் டப்ளின், கில்கென்னி ஆகிய இரு அணிகளும் அரைக்கால்சட்டையோடு களமிறங்கின. உடையை மாற்றாவிட்டால் ஆட்டமே கைவிடப்படும் என்று சொல்லப்பட்டதால் அவர்கள் திரும்பிப்போய் மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். எதிரெதிராக மோத வந்த இரு அணிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அணியாக நின்றதுதான் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது என நினைக்கிறேன். அடுத்து, கார்க்கும் வாட்டர்ஃபோர்டும் ஆடவிருந்த மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மே 22 அன்று கூடிய சிறப்பு மாநாட்டில் 98 சதவீதப் பிரதிநிதிகள் மாற்றத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். ஸ்கோர்ட் தடைசெய்யப்படவில்லை, இரண்டில் எதை அணிவது என்பதை ஒவ்வொரு வீராங்கனையும் தானே முடிவுசெய்யலாம், அவ்வளவுதான்.

ஆக, பாதிப்பு மாகாணப் போட்டிகளோடு நின்றுவிட்டது. அகில அயர்லாந்துப் போட்டியில் ஆட்டத்தைப் பற்றியே பேச முடிந்தது. ஓராண்டுக்கு முன் தோற்கடிக்கப்பட்ட ஒரு கோரிக்கை மூன்றே வாரங்களில் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறுகிறது என்றால், முந்தைய மாநாட்டில் வாக்களித்தவர்கள் களத்தில் ஆடுபவர்களிடமிருந்து எவ்வளவு விலகியிருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நடுக்களம் எழுதியது:

பழையகணக்கு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். இறுதியாட்டங்கள் நெருக்கமானவை என்பதில் ஐயமில்லை. 2017, 2018, 2022, 2025 என ஒன்பது ஆண்டுகளில் நான்கு இறுதியாட்டங்கள் ஒரே ஒரு புள்ளியில் முடிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த நெருக்கம் உச்சியில் நிற்கும் மூவருக்குள் மட்டுமே இருக்கிறது என்பதை 2023 காட்டிக்கொடுத்தது. 1945க்குப் பிறகு முதல்முறையாக இறுதிக்கு வந்த வாட்டர்ஃபோர்டை எல்லோரும் மனமார வாழ்த்தினோம். முடிவோ கார்க் 5-13, வாட்டர்ஃபோர்டு 0-9. கோல்களைப் புள்ளிகளாக்கினால் இருபத்தெட்டுக்கு ஒன்பது. கார்க்கின் ஏமி ஓகானர் தனியாக அடித்த 3-7, அதாவது பதினாறு புள்ளிகள், எதிரணியின் மொத்தத்தைவிட அதிகம்.

முப்பத்திரண்டு கவுண்டிகளில் ஏறத்தாழ ஒரு டஜன் மட்டுமே முதல்நிலைப் பிரிவில் ஆடுகின்றன. மற்றவற்றுக்கு இடைநிலை, இளநிலைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோப்பை இருப்பதால் சிறிய கவுண்டிகளுக்கும் குரோக் பார்க்கில் ஆடும் நாள் வாய்க்கிறது, அது நல்லதே. ஆனால் இடைநிலையிலிருந்து மேலே வரும் அணி முதல்நிலையில் காலூன்றுவதற்குத் தேவைப்படும் ஆண்டுகள் அதிகம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வேலையோ படிப்போ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் இவர்கள். போதாததற்கு, அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்து, கமோகி இரண்டையும் ஆடும் வீராங்கனைகளுக்கு ஒரே வார இறுதியில் இரண்டு ஆட்டங்கள் வந்துவிடுவதும் உண்டு. ஆண்களுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கம், பெண்கள் கால்பந்துச் சங்கம், கமோகி சங்கம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இயங்குவதே இதற்கு வேர். அயர்லாந்தின் முன்னாள் அதிபர் மேரி மக்கலீஸ் தலைமையிலான குழு 2027ஐ இலக்காகக் கொண்டு மூன்றையும் இணைக்க முயன்றுவருகிறது. அது நடந்தால் மைதானங்களும் அட்டவணையும் ஓரளவு சீராகும் என்பது என் எதிர்பார்ப்பு.

கால்வேயின் வெற்றியை இதற்காகக் குறைத்துச் சொல்லமாட்டேன். கார்க் தொடர்ச்சியாக மூன்றாவது கோப்பையைத் தேடி வந்த அணி. இரண்டாம் பாதி முழுவதையும் பதினான்கு பேரோடு ஆடியும் கடைசிவரை விடவில்லை. ஆட்டநேரம் முடிந்து நடுவர் சேர்த்துக்கொடுத்த நிமிடங்களில் கிடைத்த ஃப்ரீயை (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையற்ற அடியை) கால்வே தலைவி கேரி டோலன் கம்பத்துக்கு மேலே அனுப்பியதால்தான் கோப்பை மேற்கே போனது. தரையில் கிடக்கும் சிறிய பந்தை மட்டையின் நுனியால் கிளப்பி, அது காற்றில் நிற்கும் அந்தக் கணத்தில் முழுவீச்சோடு அடிக்க வேண்டும். பயிற்சியில் நூறு முறை செய்ததை அந்த நிமிடத்தில், அந்த அரங்கில், நூற்றோராவது முறையாகச் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

எல்லைக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 1999இன் மாற்றத்தைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. வாட்டர்ஃபோர்டின் கணக்கோ என் முதல் ஐயத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அடுத்த பருவம் தொடங்கும்வரை பழைய இறுதியாட்டம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன். எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பழையகணக்கு எழுதியது:

2017ஐப் பாருங்கள். கார்க் 0-10, கில்கென்னி 0-9. கோலே விழாத ஆட்டம் என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியும் போராடிப் பெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜெம்மா ஓகானர் வெகுதொலைவிலிருந்து அடித்துச் சமன்செய்தார். மாற்று வீராங்கனையாக வந்த ஜூலியா ஒயிட் அதன்பின் வெற்றிப் புள்ளியை அடித்தார். அன்று கோப்பையை வாங்கிய தலைவி ரெனா பக்லிக்கு, கால்பந்தையும் சேர்த்து, அது பதினெட்டாவது அகில அயர்லாந்துப் பதக்கம்.