காவல் நிலைய கேமரா பதிவை வாங்குவது எப்படி? வழி சொல்லுங்கள்

வணக்கம். குழுவில் வழக்கறிஞர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு வாய்த்தகராறு புகாருக்காக என் தம்பியை இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து போலீஸார் கூட்டிப் போனார்கள். வாசலில் நின்று கேட்ட அம்மாவிடம், “விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்” என்றார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் விட்டார்கள். நோட்டீஸ் இல்லை, கைதுக் குறிப்பாணை இல்லை, மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவும் இல்லை. இப்போது கேட்டால், அவன் நிலையத்துக்கு வரவே இல்லையாம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றமானாலும் கைது ஏன் அவசியம் என்று எழுதி வைக்க வேண்டும் என 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான்.

சரி, அந்தப் பதிவை எப்படி வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுப்பார்களா? மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். ஆனால் அதற்குள் அழித்துவிட்டால்? பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதலில் யாருக்கு எழுத வேண்டும்? இப்படி மனு போட்ட அனுபவம் உள்ளவர்கள் அந்த மனுவின் மாதிரியைப் பகிர்ந்தால் பெரிய உதவி.