மன்றக் கூட்ட அஜெண்டாவை எந்த வரியிலிருந்து படிப்பது?

மினிட்புக்:
நகராட்சி மாதக் கூட்ட அஜெண்டாவை முதல் பக்கத்திலிருந்து படித்தால் தூக்கம்தான் வரும். மன்றத்தின் முன் வரும் ஒவ்வொரு பொருளிலும் (விஷயத்திலும்) கடைசி வரியை முதலில் பாருங்கள். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றிருந்தால் திருத்தலாம், ஒத்திவைக்கலாம். ‘பார்வைக்கும் பதிவிற்கும்’ என்றிருந்தால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிட்டது.

நீரேற்று நிலையத்தில் மோட்டார் காயில் எரிந்தால் அடுத்த கூட்டம்வரை ஊர் தண்ணீரில்லாமல் இருக்க முடியாது. தலைவரின் முன்அனுமதியில் ரீவைண்டிங் முடித்துவிட்டுப் பிறகு மன்றத்தில் வைப்பார்கள். அது நியாயம். பிளீச்சிங் பவுடரும் கொசு மருந்தும் மணல் மூட்டையும் அப்படியா? ஐப்பசி வரும் என்பது ஆனியிலேயே தெரியாதா? அவையும் முன்அனுமதியில் வந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்தடுத்த மூன்று பொருளில் ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே தொகை வந்தாலும் அப்படித்தான். ஒரே வேலையின் செலவு மதிப்பீட்டை மூன்றாக வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எம்புக்:
கேள்வி கேட்க வேண்டிய இடம் மன்றமே அல்ல, மதிப்பீடு. உறுப்பினர் கோரிக்கை, உதவிப் பொறியாளர் பார்வை, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று கோப்பு நகர்கிறது. 2 கோடி ரூபாய்வரையான வேலைக்கு டெண்டர் அவகாசமே குறைந்தது 15 நாள். அதற்குப் பிறகு ‘எங்கள் தெருவையும் சேருங்கள்’ என்றால் யாராலும் சேர்க்க முடியாது.

கால்வாய் என்றால் நீளத்தையும் தொகையையும் விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள். 200க்கு 1 சரிவு வைத்தால் 100 மீட்டரில் அரை மீட்டர் இறங்க வேண்டும். போய்ச் சேரும் பழைய கால்வாயின் அடிமட்டம் அதைவிட மேலே இருந்தால், புதுக் கால்வாய் கொசுத் தொட்டிதான். இன்னொரு வழக்கமான கோளாறு: குறுக்கே போகும் குடிநீர்க் குழாயையும் மின்கம்பத்தையும் மாற்ற மதிப்பீட்டில் பணமிருக்காது. அந்த இடத்தில் மட்டும் பத்தடி விட்டுவிட்டு இருபுறமும் கட்டுவார்கள். முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் நீளம் சரியாக இருக்கும், தண்ணீர் மட்டும் ஓடாது.

தார்ச்சாலைக்கு ஒரே கேள்வி போதும்: பழைய தளத்தைச் சுரண்டி எடுக்க மதிப்பீட்டில் வரி இருக்கிறதா? 2021இல் தமிழகத் தலைமைச் செயலரே இதை வலியுறுத்தினார். அந்த வரி இல்லையென்றால் சாலை உயர்ந்து, மழைக்கு வீடுகள்தான் பள்ளம்.

வார்டு17:
வாயால் எதிர்ப்புச் சொல்வது காற்றோடு போகும். பொருள் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டத்திலேயே கொடுங்கள். பெண் உறுப்பினருக்குப் பதிலாக அவர் கணவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பதிவேட்டில் ஏறாது. அவருக்கு அங்கே நாற்காலியே கிடையாது.

சுங்கச்சீட்டு:
வாரச்சந்தை, பேருந்து நிலையக் கட்டணம், சைக்கிள் ஸ்டாண்டு ஏலம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஏலத்துக்கு நகராட்சி வைக்கும் ஆரம்பத் தொகை உண்மை வசூலுக்கு மேல் இருக்கும். இல்லாவிட்டால் ஏலத்துக்கு வருபவர்கள் வெளியில் டீக்கடையிலேயே பேசி முடித்திருப்பார்கள். ஏலம் போகாத மாதங்களில் நகராட்சி ஊழியரே வசூலித்தால் அந்தத் தினசரி வசூல் பதிவேட்டைக் கேளுங்கள். அடுத்த ஏலத் தொகை சரியா என்று அதுதான் காட்டும்.

மினிட்புக்:
தீர்மான நகலுக்குத் தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘எல்லாத் தீர்மானங்களும்’ என்று கேட்காதீர்கள், ‘எந்தத் தீர்மானம் என்று தெளிவுபடுத்தவும்’ என்று பதில் வரும். கூட்டத் தேதி, பொருள் எண், அதற்கான அலுவலகக் குறிப்பு என மூன்றையும் குறிப்பிடுங்கள். தீர்மானத்தில் பெரும்பாலும் ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஏன் என்பது அலுவலகக் குறிப்பில் இருக்கும்.