சாட்சி சொன்னது ஒன்று, ஏறியது ஒன்று: குறுக்கு விசாரணையைக் கேள்வி-பதிலாகப் பதிய வேண்டுமா?

பாரிமுனை:
செஷன்ஸ் வழக்குகளில் (கொலை போன்ற பெரிய குற்ற வழக்குகள்) குறுக்கு விசாரணை (எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாட்சியைக் கேள்வி கேட்பது) முழுவதையும் கேள்வி-பதிலாகவே பதிய வேண்டும் என்கிறேன். இப்போது என்ன நடக்கிறது? வழக்கறிஞர் கேட்கிறார், சாட்சி பேச்சுத் தமிழில் பதில் சொல்கிறார், நீதிபதி அதை எழுத்துத் தமிழாக்கி டிக்டேட் செய்கிறார், தட்டச்சர் அடிக்கிறார். இதில் கேள்வி காணாமல் போகிறது. "லைட்டு எரிஞ்சுதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா அந்தப் பக்கம் வேப்பமரம் மறைக்கும்" என்ற பதில், "தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்தேன்" என்று பதிவில் ஏறினால் என்ன ஆகும்? ("எதிரி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) உயர் நீதிமன்றத்தில் டைப் செட்டை, அதாவது வழக்கு ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பை, புரட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். மரம் அங்கே இருக்காது.

சைதை_கோர்ட்:
சார், பி.என்.எஸ்.எஸ். 311(2)-ஐப் படிங்க (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; பழைய சட்டத்துல 276(2)). சாட்சியம் வழக்கமா விவரண நடையிலதான் இருக்கணும். எந்தப் பகுதியையும் கேள்வி-பதிலாப் பதிய நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு, அவ்வளவுதான். அப்படி வெச்சதுக்குக் காரணம் இருக்கு. நூறு கேள்வி கேட்டா உருப்படியானது பத்து. மீதியெல்லாம் "தெரியாது", "ஞாபகம் இல்லை". அத்தனையும் ஏறினா அந்தப் பத்தை யார் தேடி எடுப்பாங்க? தப்பா டிக்டேட் ஆகும்போது எழுந்து ஆட்சேபிக்கிறது நம்ம வேலை. ஸ்கிரீனைப் பார்க்காம அடுத்த கேள்விக்குப் போறவருக்கு எந்த வடிவமும் உதவாது. அதோட, முடிஞ்சதும் சாட்சிக்குப் படிச்சுக் காட்டணும்னு 313 சொல்லுதே?

பாரிமுனை:
313-ஐ முழுக்கப் பாருங்கள். படித்துக் காட்டும்போது சாட்சி "நான் இப்படிச் சொல்லவில்லை" என்றாலும் நீதிபதி திருத்தியாக வேண்டியதில்லை. ஆட்சேபணையைக் குறித்து வைத்துத் தன் கருத்தையும் சேர்த்தால் போதும். அதுவும் அவர் அரசு தரப்புச் சாட்சி. எதிரிக்குச் சாதகமான வேப்பமரத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவர் வாதாடப் போவதில்லை.

வேப்பேரி_அப்பீல்:
இரண்டு பேரும் சேதம் அதிகமாகிற இடத்தை விட்டுவிட்டீர்கள். முரண்பாட்டைப் பதிவதில்தான் வழக்குகள் சாகின்றன.

போலீஸ் வாக்குமூலத்தில் (பி.என்.எஸ்.எஸ். 180, பழைய 161) சாட்சி ஒன்று சொல்லி, கூண்டில் வேறொன்று சொல்கிறார். அப்போது வாக்குமூலத்தின் அந்த வாக்கியத்தையே அவருக்குப் படித்துக் காட்டி, அப்படிச் சொன்னாரா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் அதோடு முடிந்தது. மறுத்தால் அந்த வாக்கியம் மட்டும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "அ.சா.1 உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" (அ.சா.1: அரசு தரப்பு முதல் சாட்சி) என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். தாசில்தார் சிங் வழக்கிலிருந்து (1959) வி.கே. மிஸ்ரா வரை (2015) உச்ச நீதிமன்றம் சொல்வது இதைத்தான்.

நம் கோர்ட்டுகளில் சாட்சி மறுத்ததாக ஏறுவது எது? "போலீஸ் விசாரணையில் முன்னுக்குப் பின் முரணாகக் கூறினேன் என்றால் சரியல்ல." எந்த வாக்கியம், எதற்கு முரண் என்று இந்த வரியில் ஒன்றுமே இல்லை. மேல்முறையீட்டில் காலணாவுக்குப் பிரயோஜனம் கிடையாது. விடுபட்டதைக் கேட்டாலும் இதே கதி. "எதிரி கையில் கத்தி வைத்திருந்ததாகப் போலீசில் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்று குறிப்பாக ஏறினால்தான், பிறகு அதிகாரியிடம் "அ.சா.1 கத்தி பற்றி என்னிடம் கூறவில்லை" என்ற வரியை வாங்க முடியும். அதிகாரி பெரும்பாலும் கடைசிச் சாட்சி. அதற்குள் மாதங்கள் ஓடி, வழக்கறிஞரே மாறியிருப்பார். வந்தவர் வழக்குக் கட்டில் அந்தக் கேள்விகளைத் தேடி எடுக்காவிட்டால் முதல் பாதியில் பட்ட பாடு வீண்.

ஆகவே முழுதும் கேள்வி-பதில் வேண்டாம். முரண்பாடு, அடையாளம், வெளிச்சம், தூரம், இவற்றுக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். "எந்தப் பகுதியையும்" என்று 311(2) சொல்வது இதற்காகத்தான்.

ஜார்ஜ்டவுன்:
ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை தோழர்களே. தீர்ப்பு சொல்கிறவர்கள் சாட்சியின் முகத்தைப் பார்த்து, தடுமாறிய குரலைக் கேட்டு முடிவெடுத்தார்கள்.

சைதை_கோர்ட்:
லட்சுமிகாந்தன் வழக்கை மறந்துட்டீங்களா? 1944 நவம்பர்ல பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனுக்கு வேப்பேரியில கத்திக்குத்து. இதே சென்னை உயர் நீதிமன்றத்துல ஜூரி பெரும்பான்மையா நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளின்னு சொல்லிச்சு. அப்பீல்ல உயர் நீதிமன்றம் ஜூரி முடிவுல கை வைக்கல. லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்) திருப்பி அனுப்பின பிறகுதான் 1947-ல விடுதலை. ஜூரி காரணம் எழுதாது. காரணம் இல்லாத முடிவுல எங்கே தப்புன்னு எப்படிக் காட்டுவீங்க? நீதிபதி எழுதின தீர்ப்பை வரி வரியா உடைக்கலாம்.

ஜார்ஜ்டவுன்:
நீங்கள் உடைக்கும் தீர்ப்பு நிற்பதே அந்த மாறிப்போன பதிவின் மேல்தானே? அடித்தளத்தை விட்டுச் சுவரை உடைக்கிறீர்கள்.

பாரிமுனை:
இதற்குச் சைதை சார் பதில் சொல்ல வேண்டும். முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது) ஒரு நாள், குறுக்கு விசாரணை பல வாய்தாவுக்குப் பிறகு என்னும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வினோத் குமார் வழக்கில் (2015) இடைவெளி 20 மாதம். சாட்சி பிறழ்ந்தார், உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. செஷன்ஸில் சாட்சியத்தை ஆடியோ-வீடியோவில் பதிய பி.என்.எஸ்.எஸ். 254 இடம் தருகிறது. அதைக் கட்டாயமாக்கினால் வேப்பமரம் தப்பிக்கும்.

சைதை_கோர்ட்:
வீடியோ வரட்டும், எதிர்க்கல. ஆனா அப்பீல்ல வாதம் நடக்கப்போறது டைப் செட்டை வெச்சுதான்.

வேப்பேரி_அப்பீல்:
அதனால்தான் சொல்கிறேன், பக்கத்தில் ஏற்ற வேண்டியதை அன்றே ஏற்றுங்கள். நீதிபதி கேள்வியைப் பதிய மறுத்தால், கேட்ட கேள்வி, சாட்சி சொன்ன பதில், மறுக்கப்பட்ட விவரம், மூன்றையும் எழுதி அன்று மாலைக்குள் நீதிமன்றத்தில் மெமோ (எழுத்துக் குறிப்பு) போடுங்கள். சாட்சியத்துக்கு நகல் மனுவும் அன்றே. அடுத்த வாய்தாவில் கிளப்பினால் "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பார்கள். விசாரணை முடியும் கட்டத்தில் 348-இல் ரீகால் மனு (சாட்சியை மீண்டும் அழைக்கக் கோரும் மனு) போட்டால், ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம்.