மறு: சவுண்ட் பைட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சவுண்ட் பைட் (sound bite), அதாவது ஒருவர் பேச்சிலிருந்து செய்தியில் போடுவதற்காக வெட்டியெடுக்கும் சின்னத் துண்டு, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். பைட் என்பதைக் கடி என்று அப்படியே மொழிபெயர்த்த சொற்கடி, ஒலிக்கடி இரண்டையும் இப்போதே ஓரங்கட்டிவிடலாம். கடி என்றால் நம் ஊரில் மொக்கை ஜோக். வேட்பாளர் ஒரு சொற்கடி சொன்னார் என்று எழுதினால் சிரிக்க வேண்டுமா என்று வாசகர் முழிப்பார். மற்றவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

> ஒலித்துணுக்கு ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, அது பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவு சாத்தும் ஓசையும் ஒலித்துணுக்குதான், நிகழ்ச்சிக்கு நடுவே போடும் இசைத்துண்டும் ஒலித்துணுக்குதான். துணுக்கு என்றதும் பத்திரிகையில் பக்கம் நிரப்பப் போடும் நாலு வரிதான் பலருக்கு நினைவு வரும். அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி எழுதும்போது எதிர்ப்படும் சவுண்ட் பைட் அவ்வளவு சாதுவான சரக்கு இல்லை.

டேனியல் ஹாலின் என்ற ஆய்வாளர் 1968 முதல் 1988 வரையிலான அதிபர் தேர்தல் காலத்து மாலைச் செய்திகளை அளந்து பார்த்தார். வேட்பாளர் தம் சொந்தக் குரலில் இடைவெட்டு இல்லாமல் பேசக் காட்டிய நேரம் 1968இல் சராசரியாக 43 வினாடி, 1988இல் 9 வினாடி. மேடைப் பேச்சு என்னவோ மேடைப் பேச்சாகத்தான் இருந்தது. செய்தி அறையில் கத்தரி பிடித்த கைதான் மாறியது. வெட்டு எங்கே விழும் என்று மோப்பம் பிடித்து, அதற்கென்றே வரி எழுதித்தரும் ஆட்களும் பிரச்சாரக் குழுக்களில் பெருகினார்கள். 1968இல் நிக்சனுக்குத் தொலைக்காட்சி ஆலோசகராக இருந்த ரோஜர் எய்ல்ஸ், 1988இல் மூத்த புஷ்ஷுக்கும் ஆலோசகர். 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் தொடங்கியபோது அதை நடத்தியவரும் அவரே. வெட்டுக்காக எழுதுகிற தரப்பும் வெட்டுகிற தரப்பும் ஒருவருக்கொருவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு மனிதர் போதும். நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டு வேலையையும் தாங்க வேண்டும்.

> பஞ்ச் டயலாக்தானே அண்ணா இது? எல்லாருக்கும் புரியுமே!

புரியும் தம்பி, அதில் சந்தேகம் இல்லை. சில இடங்களுக்கு அச்சாகப் பொருந்தவும் செய்யும். 1984 அக்டோபரில் கான்சஸ் சிட்டி விவாதத்தில் ரீகனுக்கு வயது 73. முதல் விவாதத்தில் தடுமாறியிருந்தார். வயதைப் பற்றிய கேள்வி வரும் என்று ஊருக்கே தெரியும். வந்தது. "என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் நான் அரசியல் ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன்" என்றார். எதிரே நின்ற 56 வயது மொண்டேலே சிரித்துவிட்டார். ரீகன் 49 மாநிலங்களை வென்றார். 1988இல் ஒமாஹாவில் துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம். தம்மை முன்னாள் அதிபர் ஜான் (ஜாக்) கென்னடியோடு ஒப்பிட்டுப் பேசிய டான் குவேலிடம், "செனட்டர், நீங்கள் ஜாக் கென்னடி இல்லை" என்றார் லாயிட் பென்ட்சன். அரங்கமே அதிர்ந்தது. இன்றைக்கும் அந்தத் தேர்தலில் பலருக்கு நினைவில் நிற்பது அந்த வரிதான். ஆனாலும் அதிபர் வேட்பாளர் டுகாகிஸும் அவர் அணியின் பென்ட்சனும் தோற்றார்கள், புஷ்–குவேல் அணி 40 மாநிலங்களில் ஜெயித்தது. பஞ்ச் அடித்தவர்தான் ஜெயிப்பார் என்ற விதி சினிமாவோடு சரி.

பஞ்ச் என்பது சொன்னவரின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் குறிக்கிறது. 2012 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்து ரோனோக்கில் ஒபாமா பேசியதை எதில் சேர்ப்பது? சாலைகளுக்கும் பாலங்களுக்கும் யாரோ முதல் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு, "உங்களிடம் ஒரு தொழில் இருந்தால், அதை நீங்கள் கட்டவில்லை" என்று தொடர்ந்தார். 'அதை' என்று அவர் சுட்டியது முந்தின வரியிலிருந்த சாலையையும் பாலத்தையும் என்பது அவர் தரப்பு விளக்கம். எதிர்த்தரப்பு முந்தின வரியைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பரப்பியது. உழைத்துக் கடை வைத்தவனைப் பார்த்து 'நீ கட்டவில்லை' என்கிறார் அதிபர் என்று ஆகிவிட்டது. அடுத்த மாதம் டாம்பாவில் குடியரசுக் கட்சி மாநாட்டின் முழக்கமே 'நாங்கள்தான் கட்டினோம்'. ஒபாமா அங்கே பஞ்ச் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க ஊடகங்கள் இதையும் சவுண்ட் பைட் என்றுதான் சொல்கின்றன.

இரண்டு வகையிலும் மாட்டியவர் மூத்த புஷ். 1988 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் "என் உதடுகளைப் பாருங்கள்: புதிய வரி கிடையாது" என்றார். பெக்கி நூனன் எழுதிய உரை, வெட்டுக்கென்றே வார்த்த வரி. 1990இல் பட்ஜெட் உடன்பாட்டில் வரியை ஏற்ற ஒப்புக்கொண்டார். 1992இல் முதலில் சொந்தக் கட்சியின் பியூகேனன், பிறகு கிளின்டன், இருவருமே அதே வரியை அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

> டிவிக்காரர்கள் 'பைட்' என்றே சொல்கிறார்கள். விட்டுவிடலாமே.

செய்தி அறையில் அது அப்படியே இருக்கட்டும், அதைப் பிடுங்க யாராலும் முடியாது. ஆனால் "அமைச்சர்கிட்ட பைட் வாங்கிட்டியா?" என்று நம் செய்தியாளர்கள் கேட்கும்போது மைக் முன்னால் அவர் பேசிய மொத்தத்தையும்தான் சொல்கிறார்கள். வெட்டுவதற்கு முந்தைய சரக்கும் பைட்தான். கட்டுரையில் அதையே போட்டால் நாம் சொல்ல வந்த விஷயம் நழுவிவிடும்.

சரி, என் பரிந்துரை: பேச்சு நறுக்கு. இடம் தெளிவாக இருந்தால் வெறும் நறுக்கு.

பத்திரிகை நறுக்கு என்று வழங்குகிறோம். நாளிதழிலிருந்து வெட்டியெடுத்தது என்று உடனே தெரிகிறது. யாழ்ப்பாணத்து அக்கா இதற்குச் சாட்சி சொல்வார் என்று நம்புகிறேன். அதே முறையில் பேச்சிலிருந்து வெட்டியெடுத்தது பேச்சு நறுக்கு. ஓலை நறுக்கும் நமக்குப் பழைய வழக்குதான், சிறு சேதி எழுதிய ஓலைத்துண்டு. வெட்டுகிறவரின் வேலை இதில் வந்துவிட்டது. பேசுகிறவரின் வேலை? "நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டான்" என்கிறோம். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுவது என்பது எழுத்திலும் உண்டு. ரீகன் செய்தது அதுதான். இன்னொன்றும் தற்செயலாக வந்து வாய்த்தது: எறும்பு நறுக்கென்று கடிக்கிறது. கடியை நேரடியாக மொழிபெயர்க்கப் போய்ச் சிக்கியவர்களுக்கு ஒரு ஆறுதல்.

> நறுக்கு என்றால் ஏவல் வினை போல இருக்கிறதே. 'காயை நறுக்கு' மாதிரி.

தனியாக நின்றால் அந்தக் குழப்பம் வரலாம். அதனால்தான் முதல் தடவை முழுதாகப் பேச்சு நறுக்கு என்று எழுதச் சொல்கிறேன். கட்டு, வெட்டு, பூட்டு எல்லாம் ஏவலாகவும் பெயராகவும் இருந்துகொண்டு நம்மை ஒன்றும் செய்துவிடவில்லை.

எனக்கே உறுத்துகிற ஒரு இடம் உண்டு. 2004 ஜனவரி 19, அயோவா காக்கஸில் (கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தில் நடக்கும் கூட்டங்களில்) மூன்றாவதாக வந்த ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீன், சோர்ந்துபோன தொண்டர்களை உசுப்பேற்ற மாநிலப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு கூவல் கூவினார். அரங்கில் பெரும் இரைச்சல், அங்கிருந்த பலருக்கு அந்தக் கூவல் தனியாகக் காதில் விழவே இல்லை. அவர் கையிலிருந்தது சுற்றுச் சத்தத்தைத் தடுக்கும் மைக். தொலைக்காட்சிக்குப் போனது அவர் குரல் மட்டும். வெறிபிடித்தவர் தனியாகக் கத்துவதுபோல் ஆகிவிட்டது. செய்தி அலைவரிசைகள் அதை நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டன. ஏற்கெனவே சறுக்கியிருந்த அவர் பிரச்சாரம் அப்புறம் எழவே இல்லை. இதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? எனவே இங்கே வெறும் நறுக்கு. மைக்கே பாதி வெட்டைச் செய்துவிட்ட நறுக்கு என்றுகூடச் சொல்லலாம்.

> நீளத்தை வைத்து வரையறுத்தால் என்ன? குறுமொழி?

நீளம் இதற்கு அடையாளம் ஆகாது என்றே நினைக்கிறேன். 1992இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம், வேட்பாளர் பேச்சை 30 வினாடிக்குக் குறைத்துப் போட மாட்டோம் என்று அறிவித்தது. கொஞ்ச நாளில் அதைத் தளர்த்த வேண்டி வந்தது. அதே ஆண்டு சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோ செய்ததுதான் வேடிக்கை. செய்தி அறைக் கத்தரியே வேண்டாம் என்று சொந்தக் காசில் அரை மணி நேரம் வாங்கி, வரைபட அட்டைகளைக் குச்சியால் சுட்டிப் பாடம் நடத்தினார். கிட்டத்தட்ட 19 விழுக்காடு வாக்கு வாங்கினார், ஆனால் மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை. வெட்டாததால் அந்த அரை மணி நறுக்கு ஆகாது. அதிலிருந்து யாராவது இரண்டு நிமிடம் எடுத்துப் போட்டால் அது நறுக்கு.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 2023 மே மாதம் வெள்ளை மாளிகையில் கமலா ஹாரிஸ் தம் தாயாரை நினைவுகூர்ந்தார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன், பிள்ளைகளிடம் "தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று நினைப்பா?" என்று கேட்பாராம். 'வானத்துலேர்ந்து குதிச்சியா?' என்று நம் வீடுகளில் கேட்கிற அதே கேள்வி. தமிழ் அம்மா எவருக்கும் அதில் விசித்திரம் தெரியாது. அந்த வரியையும் கூட வந்த சிரிப்பையும் மட்டும் வெட்டியெடுத்து முதலில் எதிர்த்தரப்பு கேலிக்காகப் பரப்பியது. 2024 ஜூலையில் அதிபர் போட்டியிலிருந்து பைடன் விலகியதும் அதே நறுக்கைக் கமலாவின் ஆதரவாளர்கள் கையிலெடுத்து, தென்னை மரப் படத்தைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கொண்டாடினார்கள். கமலா அடுத்துச் சொன்னது, நாம் வாழும் சூழலோடும் நமக்கு முன் வந்தவற்றோடும் சேர்ந்தே நாம் இருக்கிறோம் என்பது. முன்பின் பார்க்கச் சொன்ன பேச்சின் முன்பின்னைத்தான் முதலில் வெட்டினார்கள். நறுக்கு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பயன்பாட்டுக்கு வருவோம். நறுக்கு நீளம், நறுக்குக்கென்றே எழுதிய வரி, முன்பின் நீக்கிய நறுக்கு, நறுக்கி ஒளிபரப்பினார்கள் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். வாக்கியத்தில் இடறவில்லை. 1988இல் டுகாகிஸ் பீரங்கி வண்டியில் தலைக்கவசத்தோடு போன காட்சியை இதில் சேர்க்க வேண்டாம். அது படத்துக்காகவே நடத்திய நிகழ்ச்சி. அதற்கு வேறு சொல் வேண்டும், தனி இழை தொடங்குகிறேன்.

ஞாயிறு வரை வலுவான மறுப்பு வராவிட்டால் நம் பட்டியலில் பேச்சு நறுக்கு என்று ஏற்றிவிடுகிறேன். ஒலித்துணுக்கு சவுண்ட் கிளிப்புக்கு இருக்கட்டும். தம்பி, நீங்கள் தொலைக்காட்சியில் இருப்பதால் ஒரு உதவி: படத்தொகுப்பு மேசையில் இருக்கும் யாரிடமாவது 'இந்த நறுக்கைப் போடு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர் என்ன எடுத்துத் தருகிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.