மறு: ‘ட்ரிப்’ ஆவதற்குத் தமிழ்ச்சொல் – ‘பிடிவிடல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு விளக்குச் சுற்றில் பழைய எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றைத் தானாக நிறுத்தும் சிறு சுவிட்சை) மாற்றுவது பற்றிய கையேட்டுப் பக்கத்துக்காகத்தான் இந்தப் பேச்சைத் தொடங்கினோம். அதற்குப் பெயர் சுற்று முறிப்பானா, சுற்றுடைப்பானா என்பதிலேயே பல மடல்கள் போய்விட்டன. இரண்டும் ஏற்கெனவே புழங்கும் சொற்கள், எதை எழுதினாலும் புரியும். எனக்குக் கவலை ‘ட்ரிப்’ ஆவது, அதாவது எம்.சி.பி. தானாக விடுபட்டு மின்சாரத்தை நிறுத்துவது என்ற வினைக்கான சொல்லைப் பற்றித்தான். பழைய எம்.சி.பி.யை ஏன் மாற்றுகிறோம்? ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமல் நிற்கிறது, இல்லையென்றால் ஆகக் கூடாத நேரத்தில் ஆகிறது. இந்த ஒரு வினைக்குச் சொல் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பத்திகூட எழுத முடியாது.

> ‘தெறித்தல்’ போதுமே. பொத்தான் தெறிக்கிறது என்கிறோம் அல்லவா?

ஓசை பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் மின்சாரப் பேச்சில் தெறிப்பது தீப்பொறி. “விளக்குச் சுற்றின் எம்.சி.பி. தெறித்தது” என்று படிக்கிறவர் பெட்டி எரிகிறது என்றுதான் நினைப்பார். பாதுகாப்புக் கையேட்டில் அந்தக் குழப்பம் வரவே கூடாது.

> வீட்டில் எல்லோரும் ‘விழுந்துடுச்சு’ என்றுதானே சொல்கிறார்கள்?

உண்மை, எனக்கும் முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் வீழ்வு, வீழ்ச்சி என்று போகும். மின்னழுத்த வீழ்ச்சி என்பது ஏற்கெனவே வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. தவிர, கையால் இறக்கினாலும் நெம்புகோல் கீழேதான் வரும். தானாக நடந்ததா, நாம் செய்ததா என்பதை ‘விழுதல்’ சொல்லாது.

‘துண்டித்தல்’ வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். மெயினாக வைக்கும் ஐசொலேட்டர் பார்வைக்கு எம்.சி.பி. மாதிரியே இருக்கும், ஆனால் அது கையால் இறக்கினால் மட்டுமே துண்டிக்கும், தானாக எதுவும் செய்யாது. இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்தால் ஐசொலேட்டரை நம்பி எம்.சி.பி. இல்லாமல் விட்டுவிடுவார்கள்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் கிடைக்கிறது. நெம்புகோலை மேலே தூக்கும்போது ஒரு விசைவில் (ஸ்பிரிங்) இறுகி, தாழ் ஒன்றில் மாட்டிக்கொள்கிறது. எலிப்பொறியின் கொக்கியைப் போல. அளவுக்கு மீறிய மின்னோட்டம் தொடர்ந்து போனால் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து அந்தத் தாழைத் தள்ளும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் கம்பிச்சுருளின் காந்தம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தட்டிவிடும். எந்த வழியானாலும் நடப்பது ஒன்றுதான்: தாழ் பிடியை விடுகிறது. அதனால் ‘பிடிவிடல்’ என்று முன்மொழிகிறேன். “தூக்கிவிட்டால் நிக்க மாட்டேங்குது” என்று வயர்மேன்கள் சொல்வதும் இதே பிடியைப் பற்றித்தான். ரீசெட் செய்வதை ‘மறுபிடி’ எனலாம். நெம்புகோலை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே விடுபட்டுவிடும் அமைப்பை ‘கைமீறிய பிடிவிடல்’ எனலாம்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, கையேட்டுக்கான பத்தி ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

“6 ஆம்பியர், சி வகை எம்.சி.பி. 6.78 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குப் பிடி விடக் கூடாது. 8.7 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் பிடி விட்டாக வேண்டும். 60 ஆம்பியர் பாய்ந்தால் உடனடிப் பிடிவிடல் நிகழ வேண்டும். தாழ் இறுகியோ, தொடுமுனைகள் உருகி ஒட்டியோ போன பழைய எம்.சி.பி. பிடி விடாது, கம்பி சூடாகும். அப்படிப்பட்டதைப் பழுதுபார்க்க முயலாமல் மாற்றுங்கள்.”

எனக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. உங்களுக்கு எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

ஆகக் கூடாத நேரத்தில் ட்ரிப் ஆவதை ‘வீண் பிடிவிடல்’ என்று எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ‘வீண்’ வேண்டாம். முனையத் திருகு தளர்ந்து சூடேறினாலும் ஈருலோகப் பட்டை முன்கூட்டியே வளையும். அது வீண் அல்ல, எச்சரிக்கை. நிறைய எல்.இ.டி. விளக்குகளை ஒரே சுவிட்சில் போட்டால் தொடக்கத்தில் ஒரு கணம் பாயும் பெருமின்னோட்டத்துக்கு, சி வகையைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே உடனே விடும் பி வகை பிடி விடலாம். அது வகைத்தேர்வில் உள்ள சிக்கல், வயர்மேனிடம் கேட்டு சி வகை போட்டால் தீரும். ‘வீண்’ என்று எழுதிவைத்தால் 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16 மாட்டிவிடுவார்கள். விளக்குச் சுற்றின் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர்தான் வழக்கம். ‘வேளைகெட்ட பிடிவிடல்’ என்று போட்டால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

மின்கசிவிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி.யிலும் 30 மில்லியாம்பியர் கசிவைக் கண்டதும் விடுபடுவது இதே மாதிரியான தாழ்தான், ஆகவே அங்கும் இந்தச் சொல் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இலங்கை நண்பர்கள் பதில் எழுதினால் உதவியாக இருக்கும். அங்கே ‘ட்ரிப் சுவிட்ச்’ என்பது வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது, அதன் அருகில் ‘பிடிவிடல்’ எப்படி ஒலிக்கும்? ‘துண்டிப்பான்’ என்ற சொல்லை ஐசொலேட்டருக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

அன்புடன்